முதியோர் பொழுதுக்குப் பொறுப்பாளர் யார்?

ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று குழித்துறைத் தாமிரபரணி ஆற்றங்கரையில் மக்கள் திரளாகக் கூடி, மறைந்த தம் முன்னோர்க்குப் பலியிட்டு நீராடுவதை நாம் அறிவோம். அவ்விழாவையொட்டி நடைபெறும் வாவுபலிப் பொருட்காட்சியைக் காணாத மாணவர் நம்முள் அரியர். நவம்பர் மாதத்தில் கல்லறைகளைத் தூய்மை செய்து மெழுகுவர்த்தி ஏற்றுவோரும் நம்மிடையே பலர். இறந்தோரை நினைத்தல் நற்பண்பே. அதனை யாரும் குறைகூறார். ஆயினும், உயிரோடு நம் கண்முன் அமர்ந்திருக்கும் மூத்தோரின் பகற்பொழுது எங்ஙனம் கழிகின்றது என்பதை நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்தோம்?

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் இந்தியாவில் 100க்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். நமது ஜில்லாவில் படித்த பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் சென்றுவிட, பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் பல. ஆதலின் முதியோரில்லம் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. நல்ல இல்லங்களில் வேளைக்கு உணவும், மருந்தும், ஜெபமும் உண்டு. ஆனால் காலையுணவுக்கும் நண்பகல் உணவுக்கும் இடையிலும், பின்னர் மாலைக் காப்பி வரும்வரையிலும், சுவரோரம் வரிசையாயிட்ட நாற்காலிகளில் அமர்ந்தோர் வாயிலையே நோக்கியிருப்பர். சமையற்காரர்க்குச் சமையல் பொறுப்பு. தாதியர்க்கு மருந்து பொறுப்பு. மேலாளர்க்குக் கணக்குப் பொறுப்பு. இந்த வெறும் பொழுதுக்குப் பொறுப்பாளர் யார்? பெரும்பாலும் ஒருவருமிலர். அப்பொறுப்பை ஏற்பது தனியே ஓர் உத்தியோகம் என்பதும், அது நம் பட்டதாரிகள் கற்றுக் கைக்கொள்ளத் தக்கது என்பதும் நமது அபிப்பிராயம்.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்க நாட்டில் 1987ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அரசாங்க மருத்துவ உதவிப்பணம் பெறும் பராமரிப்பு நிலையம் ஒவ்வொன்றும், அங்குள்ளோரின் விருப்பத்துக்கேற்ற நிகழ்ச்சிகளை நடத்துதல் வேண்டும். அவற்றைத் தகுதிபெற்ற ஒருவர் முன்னின்று நடத்துதலும் வேண்டும். நம் நாட்டிலும், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஜில்லாவுக்கு ஓர் இல்லமேனும் படிப்படியாக நிறுவப்படலாம் என்றும், அது 150 ஏழை முதியோர்க்குக் குறையாது இடந்தரவேண்டும் என்றும் கூறுகின்றது. அவ்வில்லங்களில் அமையவேண்டியவற்றைச் சொல்லுமிடத்து, மருத்துவ உதவியோடு பொழுதுபோக்குச் சாதனங்களையும் சேர்த்தே குறிப்பிடுகின்றது. மருந்துக்குப் பக்கத்தில் பொழுதுபோக்கை வைத்தது நன்றே. ஆயின் நடைமுறையில் அச்சொல்லுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி என்று பொருள்கொண்டு அமைந்துவிடுகிறோம்.

பெட்டியால் ஆகாத காரியம் யாது? அவரவர் வாழ்க்கையை அறிந்து, அதற்கேற்ற செயலை அவர் கையில் கொடுத்தல். நம் விளவங்கோடு தாலுகாவில் ஒருவர் ரப்பர் பால் வெட்டியவராயிருப்பார், ஒருவர் பனையேறியாயிருப்பார், ஒரு பாட்டி, நம்மவர் அண்டி ஆபீசு என வழங்கும் முந்திரித் தொழிற்சாலையில் பருப்புடைத்தவராயிருப்பார். இவர்கள் கையில் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்தல் அவமதிப்பு. பனையோலையையோ, தொடுக்கவேண்டிய பூவையோ, நடவேண்டிய கீரை விதையையோ கொடுத்தல் மரியாதை. மேலும், 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரையில் இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தமையால், எண்பது வயதைக் கடந்த நம் மூத்தோருட் பலர் பள்ளியில் மலையாளம் பயின்றவர்கள். அவர்கள்முன் மலையாளப் பத்திரிகை ஒன்றை வாசித்துக் காட்டத் தெரிந்தவன், அறுபது, எழுபதாண்டு மூடிக்கிடந்த கதவைத் திறக்கின்றான்.

நினைவு மங்கிய முதியோர் திறத்தில் இவ்வேலை இன்னும் நுட்பமானது. 2023இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இந்தியாவில் 60 வயது கடந்தோருள் 100க்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடையோர் எனக் கணக்கிட்டது. காலையில் உண்டதை மறந்தவர், இளமையிற் கற்ற கீர்த்தனையைப் பிழையின்றிப் பாடுதல் உண்டு. அவரிடம் “நான் யார், தெரிகிறதா?” என்று பரீட்சித்தல் தவறு, பாட்டின் முதலடியை நாமெடுத்து, மற்றதை அவருக்கு விடுதலே முறை. செவி மந்தமானவர்க்கு எதிரே வெளிச்சத்தில் அமர்ந்து பேசுதல், படுக்கையிலிருப்போர்க்குத் தனியே கால்மணி நேரம் ஒதுக்குதல், வேண்டாமென்பவரை வற்புறுத்தாமை, எவர்க்கு எது பிடித்தது என நாடோறும் குறித்துவைத்தல் ஆகிய யாவும் பயின்று பெறவேண்டியவையே.

இங்குச் சிலர் ஆட்சேபிப்பர். பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகள் கடன். அதற்குக் கூலிக்கு ஆள் வைப்பதா என்பர். கடன் என்பதை நாமும் மறுக்கிலோம். ஆனால் மருந்து கொடுக்கத் தாதியை வைப்பதால் மகனின் அன்பு குறைந்ததாக எவருஞ் சொல்லார், இதுவும் அத்தகையதே. வேறு சிலர், இஃது ஊழியமன்றோ, சம்பளம் எதற்கு என்பர். இவ்விஷயத்தில் நம் குறையை நாமே ஒப்புக்கொள்ளுதல் நலம். டிசம்பர் மாதந்தோறும் நாம் கூட்டமாகச் சென்று, நான்கு பாட்டுப் பாடி, கேக்கு வழங்கி, புகைப்படம் எடுத்துத் திரும்புகிறோம். அன்று அவர்கள் நமக்குச் சபையோராய் அமர்ந்து கைதட்டுகின்றனர். மறுநாள் தொடங்கி அடுத்த டிசம்பர் வரையில் நாற்காலி நாற்காலியாகவே இருக்கின்றது. சம்பளம் பெறுபவன் ஜனவரியிலும் வருவான், வேறுபாடு அதுவே.

இன்றைய நிலையில் இவ்வேலைக்கு இடங்கள் சில, ஊதியமும் சொற்பம். இதனை மறைத்து மாணவரை அழைத்தல் நேர்மையன்று. எனினும் இப்பகுதி இத்தகைய தொடக்கங்களை அறிந்தது. 1920களில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் அவர்கள் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்தியபோது, தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் படித்தவர் கற்பிக்கத்தக்க தொழிலாகப் பலர்க்குத் தோன்றியிரா. ஊரார்க்காகத் தாம் செய்யாது, ஊராரையே செய்யப் பழக்கி அருகிருந்து வழிகாட்டியதே அவர் முறை. முதியோர் நடுவிற் பணிபுரிவோர்க்கும் அதைவிடச் சிறந்த முறை இல்லை.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறோம். மாணவர் இருவர் இருவராக, ஒரே இல்லத்துக்கு, வாரம் ஒரு மணி நேரம், ஓராண்டு முழுவதும் தவறாது செல்லுதல் வேண்டும். ஆசிரியர்கள் சமூகப்பணி, உளநூல் துறைகளின் துணைகொண்டு இதற்கோர் குறுகியகாலப் பயிற்சி அமைத்தல் வேண்டும். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள், தம் பெற்றோர் பெயரால் இல்லங்களுக்குக் கட்டிலும் மின்விசிறியும் வழங்குவதோடு, இப்பணியாளர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்தைக் கூடித் தருதல் வேண்டும். கட்டில் பேசாது, மின்விசிறி பெயர்சொல்லி அழைக்காது. வாயிலை நோக்கியிருக்கும் அம்மூத்தோர் எதிர்பார்ப்பது, உள்ளே வந்து, அருகே அமர்ந்து, “இன்றைக்கு நாம் என்ன செய்யலாம்?” என்று வினவும் ஒருவரையே. அவ்வொருவர் நம் கல்லூரியினின்று செல்வாராக.