எனக்கும் ஒரு கவுன்ட்டர்

முப்பத்தொரு வருடம் அஞ்சலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். பணம் எடுக்க வரும் கிழவிகளிடம், "வாங்க ஆத்தா, கால் வலிக்கப் போகுது, இப்படி உட்காருங்க" என்பேன். படிவத்தையும் நானே நிரப்பிக் கொடுப்பேன். அதே வாய், மாலையில் வீட்டு வாசல்படி ஏறியதும் "தண்ணி" என்று ஒற்றைச் சொல்லாகிவிடும். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என் மனைவி சொன்னாள்: "எனக்கும் ஒரு கவுன்ட்டர் திறந்து வச்சிருக்கலாம் நீங்க."

திருக்குறளில் 'இனியவை கூறல்' இல்லறவியலில்தான் வருகிறது, பத்தாவது அதிகாரமாக. அதற்கு முந்தையது விருந்தோம்பல். அந்த வரிசையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோமோ என்னவோ, நல்ல சொல்லை விருந்தாளிக்கென்றே எடுத்து வைக்கிறோம், பரணில் கிடக்கும் புதுத் தட்டுகளைப் போல.

மனைவி அப்படிச் சொன்ன பிறகு, வீட்டில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். ராத்திரி டிகாக்‌ஷன் போடுவது. அதுவரை அவள்தான் ஐந்து மணிக்கு எழுந்து, வெந்நீர் வைத்து, ஃபில்டருக்காகக் காத்து நிற்பாள். முதல் நாள் பொடியை அழுத்தோ அழுத்தென்று அழுத்திவிட்டேன். காலையில் தண்ணீர் மேலேயே நின்றது, கீழே நாலு சொட்டு. மறுநாள் அழுத்தாமல் விட்டேன், கழுநீராக இறங்கியிருந்தது. இரண்டையும் பேசாமல் குடித்தாள். மூன்றாம் நாள், "கரண்டியால லேசாத் தட்டுங்க, போதும்" என்றாள்.

லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதுச் செயல் தன்னால் நடக்கும் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடிமுழுகிவிடவில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த செய்தி. தினமும் எப்படியும் நடக்கும் ஒன்றோடு புதுச் செயலை முடிந்துவைத்தார்கள். நான் டிவியை அணைப்பதோடு முடிந்துகொண்டேன். அணைத்ததும் கால் சமையலறைக்குப் போக எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

"இது அன்பாப்பா, இல்ல உங்க பங்கு வேலையா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். செய்யாதவர்கள் இந்தச் சராசரியில் சேர்த்தியே இல்லை. என் டிகாக்‌ஷனுக்கு ஐந்து நிமிடம்தான். கணக்கு நேராக என் ஆயுள் போதாது.

ஆனாலும் சின்னதாக இருப்பதைத்தான் நம்புகிறேன். பிறந்தநாளுக்கு அம்மா படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிற பையன், அன்று ராத்திரி தின்ற தட்டை மேஜையிலேயே விட்டு எழுகிறான். அந்தத் தட்டைக் கழுவுவது போதும். பழக்கம் என்றால், சண்டை போட்ட அன்றைக்கும் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

போன ஆடியில் அந்தச் சோதனையும் வந்தது. ஊரில் இருக்கும் நிலத்தை விற்பது பற்றிப் பேசப்போய், நாலு நாள் முகம் பார்க்கவில்லை. முதல் ராத்திரி, 'எனக்கென்ன வந்தது' என்று போய்ப் படுத்தேன். பத்தே முக்காலுக்கு எழுந்து பொடியைப் போட்டேன். பாசமெல்லாம் இல்லை, போடாமல் தூக்கம் வரவில்லை. காலையில் என் டம்ளர், டபராவால் மூடி, வழக்கமான இடத்தில் இருந்தது.

ஐந்தாம் நாள் அவள்தான் பேசினாள். "பொடி தீரப்போகுது. வரும்போது கால் கிலோ வாங்கிட்டு வாங்க. சிக்கரி கம்மியா."

நிலத்தை இன்னும் விற்கவில்லை.