திண்ணையில் ஒரு பறை

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாகாயத்தில் நமக்குத் தெரிந்த வீடொன்றில் ஒரு கச்சேரி நடந்தது. வித்வான், பக்கவாத்தியம், பின்பாட்டு எல்லாம் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவனே. முதலில் தாளத்தைக் கம்ப்யூட்டரில் பதிந்தான். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே உகுலேலே வாசித்தான். இரண்டையும் கேட்டுக்கொண்டு பாடினான். அடுக்குச் சட்டியில் பலகாரம் வைப்பதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக ஒலி ஏறிற்று.

யுக்தி பழையதுதான். 1941-ல் அமெரிக்க வித்வான் சிட்னி பெஷே ஆறு வாத்தியங்களைத் தாமே வாசித்து ஓர் இசைத்தட்டில் சேர்த்தார். 1948-ல் வெளியான இசைத்தட்டில் லெஸ் பால் எட்டுக் கிதார்களை அடுக்கினார். உகுலேலேயோ, 1879-ல் மடீராத் தீவிலிருந்து ஹவாயில் குடியேறியவர்கள் கொண்டுபோன வாத்தியத்தின் குழந்தை, நாலே தந்தி. அந்நிய வாத்தியமாயிற்றே என்று சுதேச அபிமானிகள் முகம் சுளிக்க வேண்டாம். பாலுஸ்வாமி தீக்ஷிதர் கைபட்ட பிறகு பிடிலை யார் அந்நியம் என்கிறார்கள்?

நிற்க. பாட்டுக்குப் பறை வேண்டும் என்றான் பையன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அங்கேதான் சங்கடம் பிறந்தது. "சாவுக்கு அடிக்கிறதை வீட்டுக்குள்ளே அடிக்கிறதா?" என்றார் பாட்டியம்மாள். இத்தனைக்கும் அந்த வீட்டு எஜமானர் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையொன்றில் கணக்கர். தோல் விற்ற பணம் உள்ளே வரலாம். தோலின் நாதம் வரக் கூடாதாம்! பாட்டியம்மாள் தினம் ரேடியோவில் கேட்டு உருகும் மிருதங்கத்திலும் பசு, எருமை, ஆட்டுத் தோல்தானே இருக்கிறது? அதைச் செய்யும் கைகளைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

பையன் சண்டை போடவில்லை. அடுக்கிப் பதியும் வித்தைதான் இருக்கிறதே! பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்து, ஜன்னல் வழியே மைக்கை நீட்டினான். ஒருவரை உள்ளே அழைக்காமலே அவருடைய ஒலியை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ள இவ்வளவு வசதியான கருவி வேறில்லை. நமக்கு அது உறுத்திற்று. ஆனால் நாமும் கூடத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம்.

பெரியவர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். சூட்டில் தோல் இறுகிக் கணீரென்றது. ஆற ஆறச் சுருதி இறங்கிற்று. இரண்டாம் தடவை பதிந்தபோது காட்பாடி பஸ்ஸின் ஊதலும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் தடவை அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"பாடுறவங்க மொகம் பார்க்காம எப்படித் தம்பி அடிக்கிறது?"

பையன் வெகுநேரம் பேசவில்லை. பதிந்ததையெல்லாம் அழித்துவிட்டு உகுலேலேயுடன் திண்ணைக்குப் போனான். எதிரெதிரே உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தார்கள். பஸ் இரண்டு தரம் ஊதிற்று. அதையும் அப்படியே விட்டுவிட்டான்.

வருகிற ஞாயிறு கூடத்தில் மறுபடி பதிய உத்தேசம். பாட்டியம்மாள் இன்னும் சம்மதிக்கவில்லை.