ரகசியம் காக்க வேண்டியது யார்?

தவக்காலத்தில் ஒரு நாள், பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "இவ்வளவு நடந்த பிறகும் சாமியார்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்றீங்களாக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை.

2018ல் கேரளாவையே உலுக்கிய விவகாரத்தைத்தான் அவள் சொன்னாள். ஆர்த்தடாக்ஸ் சபைப் பெண் ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே மிரட்டி, பாதிரியார்கள் அவரைச் சீரழித்ததாகப் புகார் எழுந்தது. நான்கு பேர் மீது வழக்குப் பதிவானது. பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்க வேண்டும் என்று தேசிய மகளிர் ஆணையத் தலைவி பரிந்துரைத்தார். சபைகள் கொதித்தெழுந்தன.

ஒழித்துவிட்டால் தீர்ந்ததா? கணவரிடமும் மாமியாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்லி அழுதுவிட்டு, லேசான மனதோடு வீடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. அதற்காக, 'எங்கள் நம்பிக்கையில் கை வைக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டு சபைகள் ஒதுங்கிக்கொள்வதும் நியாயமில்லை. பயந்துகொண்டு போகிற பெண்ணுக்கு அது என்ன ஆறுதல்?

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் சட்டங்கள் தெளிவாகவே இருக்கின்றன. கேட்டதை வெளியே சொல்லும் குரு, அந்தக் கணமே சபைக்குப் புறம்பாகிறார். பாவத்தில் கூட்டுச் சேர்ந்தவர் பெயரை அவர் கேட்கக்கூடாது (சட்டம் 979). பிடித்த குருவிடம் போக நமக்கு உரிமை உண்டு (சட்டம் 991). முகம் காட்ட விருப்பமில்லை என்றால், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டுச் சொல்லலாம்.

முக்கியமான ஒன்று. இந்த ரகசிய முத்திரை குருவின் வாய்க்குத்தான், நம் வாய்க்கு இல்லை! அங்கே ஒருவர் தப்பாகப் பேசினாலோ, பிறகு மிரட்டினாலோ, 'பாவசங்கீர்த்தன விஷயமாச்சே' என்று மூடி மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் சொல்லலாம், ஆயரிடம் சொல்லலாம். மிரட்டல் என்றால் நேரே போலீசுக்கே போகலாம்.

புதுநன்மை வகுப்பில் என்னென்ன பாவம் என்று பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த உரிமைகளை யாரும் சொல்லித்தரவில்லை. ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு தடவையாவது இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அன்று கோவிலுக்குப் போய்விட்டு வந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன்: "போறேன்மா. ஆனா, கண்ணை மூடிக்கிட்டுப் போகல."

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை