உட்ஸ்டாக் இசைத்தட்டும் உண்மையும்

1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க்கு மாநிலத்துப் பெத்தேல் என்னும் ஊரின் பால்பண்ணை நிலமொன்றில் நிகழ்ந்த உட்ஸ்டாக் இசைவிழாவை, மறு ஆண்டு வெளிவந்த மூன்று இசைத்தட்டுக்களின் வாயிலாகவும் உலகத்தார் அறிந்தனர். ராக்கும் நாட்டுப்பாடலும் சோல் இசையும் அவற்றில் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. மழையிற் கூட்டத்தார் எழுப்பிய முழக்கமும், மேடை அறிவிப்புக்களுங்கூட உள. இது போற்றத்தக்கதே. ஆயின், அவற்றுள் ஒரு பாடல் விழாவிற்குப் பின்னர் நியூயார்க்கு நகரத்துப் பில்மோர் ஈஸ்ட் அரங்கிற் பாடப்பெற்றது. மழையினூடே சித்தார் வாசித்த ரவிசங்கருக்கோ இடமில்லை! ஒலியின் குறையைத் திருத்துதலை யாம் வெறுக்கின்றிலம். வேறிடத்துப் பாட்டை அவ்விடத்ததெனத் தருதலையே மறுக்கின்றோம். ஆங்குச் செல்லாதார் தட்டையன்றோ நம்புவர்? 2019-இல் ரைனோ நிறுவனத்தார் ஏறத்தாழ முழுவிழாவையும் நிகழ்ந்த வரிசையிலேயே 38 குறுந்தட்டுக்களில் வெளியிட்டனர்; படிகளோ 1,969 மட்டுமே.