இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கொல்கத்தாவில் மஞ்சள் அம்பாசடர் டாக்ஸி ஓட்டுபவர்களுக்குப் பிடிக்காத சத்தம் ஒன்று உண்டு. மேம்பாலம் ஏறும்போது இன்ஜினின் அடியிலிருந்து வரும் 'டொக் டொக்'. கூடவே, சூடான இன்ஜின் சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கும் மினுக்கினால் மெக்கானிக்கின் தீர்ப்பு தெரிந்ததுதான்: பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்.

இறக்கினால் பல நாள் வருமானம் போகும். அம்பாசடர் தயாரிப்போ உத்தர்பாராவில் 2014-லேயே நின்றுவிட்டது. எஞ்சிய வண்டிக்கு முழு ஓவர்ஹால் செலவு கட்டுப்படியாகுமா என்பது உரிமையாளரின் கவலை. ஆனால் இன்ஜினை இறக்காமலே பேரிங் மாற்ற வழி இருக்கிறது. எல்லா நேரத்திலும் அல்ல என்பதுதான் சிக்கல்.

இந்த பேரிங்கில் குண்டுகள் கிடையாது. எஃகு முதுகில் மென்மையான உலோகம் பூசிய இரண்டு அரைவட்டத் தகடுகள்; 'ஷெல்' என்பார்கள். கிராங்க் இவற்றின் மீது உரசுவதில்லை, நடுவே உள்ள ஆயில் படலத்தில் மிதந்து சுழல்கிறது. ஆயில் குறைந்தாலோ அழுக்கானாலோ முதலில் தேய வேண்டியது ஷெல்தான். விலை உயர்ந்த கிராங்க் பிழைக்கட்டும் என்பதற்காகவே அது மென்மையாகச் செய்யப்படுகிறது.

அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் கனெக்டிங் ராடுகளுக்கு நான்கு பிக் எண்ட் பேரிங், கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். தட்டுவது எது? பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அடங்கினால் அதன் பிக் எண்ட் மீது சந்தேகம். பாரம் இழுக்கும்போது ஆழமாக உறுமினால் மெயின் பேரிங்.

வண்டியைக் குழிமேல் நிறுத்தி, பேட்டரி இணைப்பை எடுத்து, ஆயிலை வடித்து, ஆயில் சம்பைக் கழற்றினால் கிராங்க் கண்ணுக்குத் தெரியும். பிக் எண்ட் சுலபம். மூடியைக் கழற்றி, ராடைச் சற்று மேலே தள்ளினால் இரண்டு ஷெல்லும் கைக்கு வந்துவிடும். ஒரு ராடின் மூடியை இன்னொன்றுக்குப் போடக் கூடாது; திருப்பியும் போடக் கூடாது.

மெயின் பேரிங்கின் மேல் ஷெல் கிராங்குக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒளிந்திருக்கும். அதற்கும் தந்திரம் உண்டு. கிராங்கின் ஆயில் துளையில் தட்டைத் தலை கொண்ட சின்ன ஊசியைச் செருகி, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினால் ஊசியின் தலை ஷெல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஷெல்லின் காதுப்பக்கம் முதலில் வெளிவரும்படி சுற்ற வேண்டும். புதியதும் அதே வழியில் உள்ளே போகும். ஒரு நேரத்தில் ஒரு மூடியை மட்டுமே கழற்ற வேண்டும். ஆயில் துளை உள்ள ஷெல்லை மேலே போடாமல் மாற்றிப் போட்டால் ஆயில் வழி அடைபடும். புது பேரிங் சில நிமிடங்களில் போய்விடும்.

பழைய ஷெல்லின் முதுகைப் படிப்பது அவசியம். '010' என்றிருந்தால் கிராங்க் ஏற்கெனவே அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கடையப்பட்டது என்று பொருள். அதே அளவு ஷெல்தான் வேண்டும்.

பேரம் முறிவது இங்கேதான். கிராங்கில் நகம் சிக்கும் அளவு கோடு விழுந்திருந்தாலோ, மைக்ரோமீட்டரில் வட்டம் தப்பியிருந்தாலோ, கிரைண்டிங் தவிர வழியில்லை. இன்ஜின் இறங்கியே தீர வேண்டும். அதைத் தவிர்க்க, மூடியை அரம் போட்டுத் தேய்ப்பதும் ஷெல்லுக்குப் பின்னால் சிகரெட் பெட்டியின் ஈயக் காகிதத்தைச் செருகுவதும் பழைய ஒர்க் ஷாப் வித்தைகள். சத்தம் சில நாள் அடங்கும். பிறகு ராடே பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரலாம்.

கிராங்க் நன்றாக இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி: பேரிங் ஏன் போனது? சம்ப் கழன்றிருக்கும்போதே ஆயில் பம்பையும் அதன் வடிகட்டியையும் பார்க்காதவர், விரைவில் மறுபடி குழிக்குள் இறங்க நேரிடும். புது ஷெல்லில் ஆயில் தடவி, டார்க் ரெஞ்சால் முடுக்கி, எரிபொருளை நிறுத்திவைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றிய பிறகே இன்ஜினை ஓடவிட வேண்டும்.

ஆக, முடிவு மெக்கானிக்குடையது அல்ல, உரிமையாளருடையதும் அல்ல. சம்பைக் கழற்றிய பின் கிராங்க் சொல்வதுதான். அதற்கு முன்பே 'இறக்கித்தான் ஆகணும்' என்பவரிடமும், 'இறக்கவே வேண்டாம்' என்று சத்தியம் செய்பவரிடமும் சாவியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.