முதலில் கூண்டு, பிறகு பாம்பு

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் முதலிய தேசங்களின் புல்வெளிகளிலும் வயல்வரப்புகளிலும், எலிகள் தோண்டிவிட்டுப் போன வளைகளுக்குள்ளும் கறையான்கள் கைவிட்ட புற்றுகளுக்குள்ளும் பகலெல்லாம் சுருண்டு கிடந்து, பொழுது சாய்ந்த பிறகு இரை தேடிப் புறப்படுகிற ஒரு சிறிய மலைப்பாம்பு, இன்று லண்டன் முதல் டொராண்டோ வரை எத்தனையோ நகரங்களில் படுக்கையறை மூலையில் வைத்த பெட்டிகளுக்குள் வாழ்ந்து வருகிறது. பயந்தால் தலையை உள்ளே மறைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும் சுபாவமுடைய இந்தப் பந்து மலைப்பாம்புக்கு விஷமில்லை. கடிக்கத் துணிவதும் அபூர்வம். நீளமும் பெரும்பாலும் நாலைந்து அடியோடு நின்றுவிடுகிறது. ஆகவே வளர்ப்பதற்கு இதைக்காட்டிலும் எளிய பாம்பு வேறில்லை என்று கடைக்காரர்கள் சொல்லுகிறார்கள். பிராணியின் குணத்தைப் பொறுத்தமட்டில் அது மெய்தான். அதன் இரவைப் பொறுத்தமட்டில் அப்படிச் சொல்வதற்கில்லை. அந்த இரவைப் பற்றித்தான் இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை சஹாரா பாலைவனத்திலிருந்து ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் வீசும்போது, மனிதர்களுடைய உதடு வெடிக்கிறது, புல் சருகாகிறது. அப்படிப்பட்ட காலத்திலும் பூமிக்குள்ளே சில அடி ஆழத்தில் உள்ள வளையில், மண்ணின் கனமே போர்வையாக இருந்து பகலின் உஷ்ணத்தை இரவுக்குச் சேமித்துத் தருவதாலும், மண்ணில் ஊறிய ஈரம் வெளிக்காற்றோடு கலந்துவிடாமல் தங்கியிருப்பதாலும், அந்தப் பாம்பு வெதுவெதுப்பையும் ஈரத்தையும் ஒருசேர அனுபவித்துக்கொண்டிருக்கிறது. சூடு வேண்டுமானால் வாயிலை நோக்கி நகர்கிறது. குளிர்ச்சி வேண்டுமானால் உள்ளே போகிறது. பாம்பை வாங்குகிறவன் இந்த வளையை அதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொண்டதற்கு ஈடாக வேறொரு வளையைக் கட்டித் தருவது அவனுடைய கடமை என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

பெனின் தேசத்திலுள்ள உவீடா என்னும் பழைய துறைமுகப்பட்டணத்தில் இதே பாம்புக்கு ஒரு கோயில் இருக்கிறது. அங்கே அவற்றை இரவு நேரங்களில் வெளியே உலாவ விடுகிறார்கள். வழி தவறி ஒரு பாம்பு யாருடைய வீட்டிலாவது புகுந்துவிட்டால், வீட்டார் அதை அடிப்பதில்லை, மரியாதையோடு கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அதே கடற்கரைத் தேசங்களிலிருந்துதான் 1975 முதல் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பந்து மலைப்பாம்புகள் உயிரோடு ஏற்றுமதியாகியிருக்கின்றன. சூல் கொண்ட பெண் பாம்புகளை வளைகளிலிருந்து தோண்டியெடுத்து, பண்ணைகளில் முட்டையிடச் செய்து, குஞ்சுகளைப் பெட்டிகளில் அடுக்கி விமானத்தில் அனுப்புவது அங்கே ஒரு பெரிய தொழிலாக நடந்து வருகிறது. இந்த வியாபாரம் நடக்கலாமா கூடாதா என்பது தனியே விவாதிக்கத்தக்க விஷயம். நடந்துகொண்டிருக்கிற வரையில், வந்து சேர்ந்த உயிர் எப்படி நடத்தப்படுகிறது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

நம்மைப் போலவோ நாயைப் போலவோ பாம்பு தன் உடம்புக்குள்ளேயே உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து பெற்றுக்கொள்கிறது. இந்தப் பொதுவிதிக்கு ஓர் அற்புதமான விலக்கு உண்டு. பாரிஸ் நகரத்து மிருகசாலையில் ஆசிய மலைப்பாம்பு ஒன்று முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாத்தபோது, வலென்சியென் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் உடம்பு சுற்றியுள்ள காற்றைவிட மிகுந்த சூடுடையதாயிருப்பதை அளந்து 1841இல் வெளியிட்டார். தசைகளை விடாமல் நடுங்கச் செய்து அந்தத் தாய் சூட்டை உண்டாக்குகிறது என்பது பிற்காலத்து ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. பெட்டியில் கிடக்கும் பந்து மலைப்பாம்புக்கு அந்தச் சக்தி கிடையாது. அறை 17 டிகிரியானால் அதன் இரத்தமும் ஏறக்குறைய 17 டிகிரிதான்.

குளிர்நாட்டு வீடுகளின் வழக்கம் என்னவென்றால், இரவு பத்து மணிக்கு வீட்டார் கனத்த போர்வைக்குள் புகுந்துகொண்டவுடன் வீட்டை வெப்பப்படுத்தும் இயந்திரத்தைத் தணித்துவிடுவது. போர்வைக்குள் இருப்பவர்களுக்கு அது சுகமானது. பெட்டியின் வெதுவெதுப்பான பக்கத்தில் பகலில் 31 முதல் 33 டிகிரி வரையிலும், குளிர்ந்த பக்கத்தில் 25, 26 டிகிரியும் இருக்கவேண்டும் என்பதும், இரவில் சற்றே தணியலாமென்றாலும் 24 டிகிரிக்குக் கீழே போகலாகாது என்பதும் அனுபவமுள்ள வளர்ப்போரின் பொதுவான கருத்து. அந்த அளவுக்குக் கீழே இறங்கி விடியும்வரை நின்றுவிட்டால், முந்தின நாள் விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றிலே கெடத் தொடங்குகிறது. பாம்பு அதைக் கக்கிவிடுகிறது. நோயை எதிர்க்கும் சக்தி குன்றுகிறது. நுரையீரலில் சளி சேருகிறது. பாம்புக்கு உதரவிதானம் இல்லாமையால் நம்மைப்போல இருமி அதை வெளியேற்ற அதனால் முடியாது. மூச்சில் சீழ்க்கை போன்ற ஒலியும், வாயோரத்தில் குமிழும், தலையை உயர்த்தி வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குகிற பரிதாபமான தோற்றமும் வெளிப்படுகிறபோது, வியாதி முற்றியிருக்கும். ஊமைப் பிராணி, முதல் நாள் இரவே அது நம்மை எழுப்பிச் சொல்லவில்லை.

உஷ்ணத்தைப் பற்றி ஓரளவுக்காவது எல்லோரும் யோசிக்கிறார்கள். ஈரத்தைப் பற்றித்தான் யோசிப்பதில்லை. பூஜ்ய டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அந்தக் காற்று ஜன்னலிடுக்கு வழியே வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது அதனுடைய கொள்ளளவு 17 கிராமாக விரிந்துவிடுகிறது. உள்ளதோ அதே 5 கிராம். சமையலும் குளியலும் மனிதருடைய மூச்சும் இரண்டொரு கிராமைச் சேர்த்து, அறையின் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பதை எட்டியதாகவே வைத்துக்கொள்வோம். அதே காற்று பாம்பின் பெட்டிக்குள் புகுந்து விளக்கின் கீழே 32 டிகிரியை அடையும்போது, ஏறக்குறைய 34 கிராம் தாங்கவல்ல அதில் 7 கிராம்தான் இருக்கிறது. அதாவது ஈரப்பதம் நூற்றுக்கு இருபது. பந்து மலைப்பாம்புக்கு வேண்டியதோ அறுபதிலிருந்து எண்பது. பாம்பைக் காப்பதற்காக நாம் மூட்டுகிற சூடே அதை வறட்டுகிறது என்பதை அறியாதவர்கள், உஷ்ணமானியைப் பார்த்துத் திருப்தியடைந்து தூங்கப்போகிறார்கள். சட்டை உரிக்கும் பருவத்தில் இதன் விளைவு தெரியவரும். ஒரே உறையாகக் கழன்று வரவேண்டிய தோல் துண்டு துண்டாகப் பிய்கிறது. வால் நுனியில் வளையமாக இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதில் கழலாமல் ஒட்டிக்கொள்கிறது. அதைக் கையால் பிய்த்தெடுக்கத் துணிகிறவர்கள் கண்ணையே கெடுத்துவிடுகிறார்கள்.

சரி, இரவில் படுக்கப் போகுமுன் தண்ணீரை வாரித் தெளித்துவிட்டால் போதாதா என்றால், போதாது என்பதோடு அது ஆபத்தும் ஆகும். மேற்பரப்பை நனைத்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஆவியாகி, வலைமூடி வழியே போய்விடும். அல்லது பெட்டி இறுக மூடியதாயிருந்து, நள்ளிரவில் சூடும் தணிந்துவிட்டால், அந்த ஆவி கண்ணாடியில் வியர்த்து வழிந்து, பாம்பின் வயிற்றின் கீழே குளிர்ந்த சேறாகத் தேங்கும். சூடில்லாத ஈரம் வறட்சியைக் காட்டிலும் கொடியது. வயிற்றுச் செதில்கள் பழுத்து அழுகுவதும், நுரையீரல் நோய் விரைந்து பரவுவதும் அதனால்தான். செய்யவேண்டியது வேறு: பெட்டியின் தரையில் நாலு விரற்கடை ஆழத்துக்குத் தேங்காய் மட்டைத் துணுக்கையும் நார்த்தூளையும் பரப்பி, மூலைகளில் நீரை மெல்ல ஊற்றி, அடிப்படலம் நனைந்தும் மேற்படலம் உலர்ந்தும் இருக்கும்படி செய்துவிட்டால், மேலிருந்து இறங்கும் இளஞ்சூடு இரவெல்லாம் அந்த ஈரத்தைச் சிறிது சிறிதாக எழுப்பிக்கொண்டிருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலும் இலங்கையிலும் தென்னந்தோப்புகளை ஒட்டிய ஆலைகளில் கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றப்படுகிற நார்த்தூள், எங்கோ ஒரு குளிர்தேசத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பாம்புக்கு மண்ணாக அமைகிறதென்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாயிருக்கிறது. இதோடு ஈரப்பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்றும், வலைமூடியின் பெரும்பகுதியை மறைத்துச் சிறு துவாரங்களை மட்டும் விட்டுவைப்பதும் சேர்ந்தால், குளிர்காலத்து இரவையும் கடந்துவிடலாம்.

சூடு தரும் சாதனங்களைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. அடியில் விரிக்கும் வெப்பப் பாய் தரையைச் சூடாக்குமேயன்றிப் பெட்டியின் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. சூடேறும் செயற்கைக் கல் பாம்பின் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கியதற்குக் கணக்கில்லை. அதை விற்பதே தவறு. இரவு விளக்கு என்று சொல்லி விற்கப்படும் சிவப்பு பல்பும் வேண்டியதில்லை. இரவு இருட்டாக இருப்பது அந்தப் பிராணிக்கு அவசியம், அதனுடைய நாட்கடிகாரமே அதைப் பொறுத்துத்தான் ஓடுகிறது. ஒளி தராமல் சூடு மட்டும் தருகிற செராமிக் ஹீட்டரைக் கம்பிக்கூட்டுக்குள் அமைத்து, அதைத் தெர்மோஸ்டாட் ஒன்றின் ஆட்சிக்கு உட்படுத்துவதே உசிதமான வழி. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர் அறை குளிரும்போது போதாமலும், அறை சூடாகும்போது மிதமிஞ்சியும் எரிகிறது. தூங்குகிறவன் கையில் அதன் விசை இருந்து பயனில்லை. வாங்குகிறவர்கள் செலவைக் குறைப்பதற்காக முதலில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கருவியைத்தான்.

செலவு அற்பமன்று. சாதாரண நிறமுள்ள ஒரு குஞ்சின் விலையைவிட, தகுதியான பெட்டியும் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் அளவுமானிகளும் பன்மடங்கு விலையாகின்றன. அதற்கப்பால் ஒவ்வோர் இரவும் மின்சாரம் ஓடவேண்டும். பிரிட்டனில் 2022ஆம் வருஷத்தில் மின்கட்டணம் தலைக்குமேல் ஏறியபோது, ஏழைக் குடும்பங்கள் தங்கள் அறையையே வெப்பப்படுத்த வழியின்றித் தவித்தன. ஊர்வனவற்றை வளர்த்தவர்களில் சிலர் அவற்றைக் காப்பகங்களில் ஒப்படைக்கும்படி ஆயிற்று. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பாம்பு இருபது முப்பது வருஷம் வாழ்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 62 வயதுக்குக் குறையாதென்று மதிக்கப்பட்ட ஒன்று 2020இல் முட்டைகூட இட்டது. முப்பது வருஷமென்றால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இரவுகள். அத்தனை இரவுகளுக்கும் பொறுப்பேற்கிறோம் என்பதை விற்பனையின்போது யாரும் வாங்குகிறவனுக்கு எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 2006ஆம் வருஷத்துப் பிராணிகள் நலச் சட்டம், வளர்க்கப்படும் முதுகெலும்புள்ள பிராணி ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சூழலை அளிப்பது வளர்ப்பவன் கடமை என்று விதிக்கிறது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிராணிகளை விற்பதைத் தடுக்கிறது. 2018இல் வந்த விதிகளின்படி, விற்கிற உரிமதாரர் பராமரிப்பைப் பற்றிய தகவல்களை வாங்குகிறவருக்குத் தரவேண்டும். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை, ஆயினும் கையில் கொடுத்த காகிதம் பெட்டியைச் சூடாக்காது. பெட்டியையும் பாம்பையும் ஒரே மாலையில் வாங்கி, அவசரமாகக் கம்பிகளை இணைத்து, அன்றிரவே பாம்பை உள்ளே விட்டுவிடுகிற வழக்கத்தைத்தான் நிறுத்தவேண்டும். முதலில் பெட்டி வரட்டும். வெறும் பெட்டி, பாம்பில்லாமல், அது நிற்கப்போகிற அதே அறையில், அதே குளிரில், ஏழு இரவுகள் எரியட்டும். உஷ்ணத்தையும் ஈரத்தையும் தானே குறித்துவைக்கும் சிறு கருவிகள் மலிவாகவே கிடைக்கின்றன. பெட்டியின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றை வைத்து, அந்தக் குறிப்பைக் கடைக்காரரிடம் காட்டிய பிறகே பாம்பு கைமாறவேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். பின்னிரவு நாலு மணிக்கு அந்தப் பெட்டி எத்தனை டிகிரியில் இருந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவருக்குப் பாம்பு கிடையாது. ஒரு வாரம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர் முப்பது வருஷம் அதைப் பராமரிப்பார் என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நம் தேசத்துக்கும் இந்தப் பேச்சு அந்நியமன்று. நம்முடைய சொந்தப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. அது முற்றிலும் சரி. ஆனால் வெளிநாட்டுப் பாம்புகளின் மேல் நகரத்து இளைஞர்களுக்கு மோகம் வளர்ந்து வருகிறது. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் 40க்கு மேற்பட்ட பந்து மலைப்பாம்புகளைச் சுங்க அதிகாரிகள் கண்டெடுத்தார்கள்; அதற்குப் பின்னும் அப்படிப்பட்ட செய்திகள் நிற்கவில்லை. வனவுயிர் வியாபாரம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலிலுள்ள அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்று 2022இல் அதே சட்டம் திருத்தப்பட்டது. சென்னையின் சாதாரண இரவு, வெப்பத்திலும் கடற்காற்றின் ஈரத்திலும், இந்தப் பாம்பின் தேவைக்கு அதிக தூரமில்லை என்பது உண்மையே. ஆனால் இப்படிப்பட்ட பாம்புகளை விரும்பி வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் இரவெல்லாம் ஏசி ஓடுகிறது; அது அறையைக் குளிர்விப்பதோடு காற்றிலுள்ள நீரையும் உறிஞ்சி வெளியே சொட்டவிடுகிறது. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் மார்கழி இரவுகளுக்கு ஏசியும் தேவையில்லை. திறந்த ஜன்னலே போதும் பாம்பைக் குளிரச் செய்ய.

பாம்பை எங்கே, யாரிடம், எந்த வழியாக வாங்கியது என்பதைக் கேட்கிற அரசாங்கம், அது எதற்குள் தூங்குகிறது என்பதையும் கேட்கவேண்டும். பதிவு விண்ணப்பத்தோடு, பெட்டியின் ஏழு இரவுகளுக்குரிய உஷ்ண, ஈரப்பதக் குறிப்பை இணைக்கும்படி ஒரு வரியைச் சேர்ப்பது வனத்துறைக்குச் சிரமமான காரியமன்று. விண்ணப்பதாரர்களில் பலர் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே எண்ணத்தைக் கைவிடக்கூடும், கைவிட்டால் அது அந்தப் பாம்புகளுக்கு நல்லதே.