கப்பல் சோறும் கொல்லை வாழையும்

மாணவர்களே, 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது நினைவிருக்கிறதா? அரிசி விலை பற்றி உங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்திருக்கலாம். நமக்காவது தாய்லாந்தும் வியட்நாமும் பக்கத்தில் இருக்கின்றன. பசிபிக் பெருங்கடலின் நடுவில் உள்ள ஒரு சிறு தீவு, கப்பலில் வரும் அரிசியை நம்பியே வாழ்ந்தால் என்ன ஆகும்?

மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாடுகளைச் சேர்ந்த போன்பே அப்படிப்பட்ட தீவு. பரப்பளவு சுமார் 345 சதுர கிலோமீட்டர். எரிமலை மண்ணும் கனமழையும் உள்ள அந்தத் தீவில் சீமைப்பலா, சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, வாழை எல்லாம் செழித்து வளரும். இருந்தும் பல வீடுகளின் அன்றாட உணவு இறக்குமதி அரிசியும் டின் இறைச்சியும்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தபோது, உணவு உதவித் திட்டங்கள் இந்தப் பழக்கத்தை வளர்த்தன.

விளைவு உடலில் தெரிந்தது. 1990களில் நடந்த ஆய்வு ஒன்றில், பரிசோதிக்கப்பட்ட சிறு குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ குறைபாடு இருந்தது. இக்குறைபாடு மாலைக்கண் நோயை உண்டாக்கும். நோய் எதிர்ப்பு ஆற்றலையும் குறைக்கும்.

முதலில் கீரை சாப்பிடும்படி பிரசாரம் செய்தார்கள். கீரை உண்டு பழகாத மக்கள் அதை ஏற்கவில்லை. பின்னர் ஊட்டச்சத்து ஆய்வாளர் லோயிஸ் எங்ல்பெர்கரும் தீவு மக்களும் உள்ளூர் வாழைகளின் பக்கம் திரும்பினார்கள். அவற்றுள் ஒன்று 'காராட்'. இதன் தார் கீழே தொங்காது, மேல் நோக்கி நிற்கும். பழத்தின் சதை ஆரஞ்சு கலந்த மஞ்சள். அந்த நிறத்துக்குக் காரணம் பீட்டா கரோட்டின். நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கடைகளில் நாம் வாங்கும் கேவண்டிஷ் வாழையின் 100 கிராமில் சுமார் 25 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின்தான் உள்ளது. காராட்டில் அது 2,000 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடும். முற்காலத்தில் போன்பே தாய்மார்கள் குழந்தைக்கு முதல் உணவாக ஊட்டியது இந்தப் பழத்தைத்தான். மருந்து கொல்லையிலேயே இருந்தது!

இறக்குமதியைக் குறைக்க அங்கேயே நெல் பயிரிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது சரியான வழி அல்ல என்பது என் கருத்து. போன்பே மலைத் தீவு, சமநிலம் குறைவு. நெல் முற்றவும் காயவும் நல்ல வெயில் வேண்டும். அங்கோ மழை ஓய்வதே இல்லை. சீமைப்பலாவை ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் காய்க்கும். அதன் வேர்கள் மலைச்சரிவின் மண்ணையும் பிடித்து வைக்கும். வெளியிலிருந்து வரும் உணவை உள்ளூரில் விளைவிப்பதைவிட, உள்ளூரில் விளைவதை மீண்டும் உண்பதே அறிவு.

இதில் சிரமம் இல்லாமல் இல்லை. அரிசி மூட்டையில் மாதக்கணக்கில் இருக்கும், சீக்கிரம் வெந்துவிடும். பழுத்த சீமைப்பலா சில நாள்களில் அழுகிவிடும். ஆனால் அதைக் குழியில் புளிக்கவைத்துச் சேமிக்கும் முறை தீவு மக்களுக்குப் பழையது. காயவைத்து மாவாக்கும் முறையும் இப்போது உண்டு. அரசு பணம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

அதைவிடப் பெரிய தடை, அரிசி உயர்வு, கிழங்கு தாழ்வு என்ற எண்ணம். அது நமக்கும் புதிதல்ல. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பலரின் பசியை ஆற்றியது மரவள்ளிக்கிழங்கு. போர் முடிந்ததும் அதைப் பஞ்ச காலத்துச் சாப்பாடு என்று ஒதுக்கினோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கப்பல் வராத நாளில் எது கைகொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.